நம் சங்கங்கள் காத்தவையும் கைவிட்டவையும்

ஒரு ஜனசமூகம் தன்னை இன்னாரென்று எதனால் அறிந்துகொள்கிறது? இரத்தத்தினால் என்பார் சிலர்; பாஷையினால் என்பார் சிலர்; சமயத்தினால் என்பாரும் உளர். இவை ஓரளவு உண்மையே. ஆயினும், பழைய சங்கதிகளுள் எதை ஏட்டில் ஏற்றுவது, எதைக் குப்பையில் எறிவது என்று தீர்மானிப்பவர் எவரோ, அவரே அச்சமூகத்தின் முகத்தை எழுதுகிறவராவார். பேரப்பிள்ளைகள் தங்கள் பாட்டனைப்பற்றி அறிவது ஏட்டில் ஏறியதைக் கொண்டுதானே? இத்தீர்மானத்தை ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளாக நமக்காகச் செய்துவந்தவை சரித்திர சங்கங்களும் இலக்கிய சங்கங்களுமாம். ஆதலின் அவற்றின் தொண்டை மதிப்பிடுவது, நம்மை இன்னாரென்று சொன்னவர் யாவர், எதைக்கொண்டு சொன்னார் என்று கணக்குப் பார்ப்பதாகும்.

சிங்கப்பூரை நடுவாக வைத்து மூன்று வகைச் சங்கங்களை ஈண்டு ஆராய எண்ணுகிறேன். ஐரோப்பியர் கண்ட ஆசியச் சங்கம் ஒன்று. தாயகத்துப் பண்டிதர் கண்ட தமிழ்ச் சங்கம் மற்றொன்று. நம்மவர் இவ்வூரிலேயே கண்ட சீர்திருத்தச் சங்கம் மூன்றாவது. மூன்றும் நமக்கு நன்மை செய்தன. மூன்றும் ஒரே குற்றத்தையும் செய்தன. நன்மையை நன்றியோடும் குற்றத்தைக் கூசாமலும் சொல்வதே விமர்சனத்தின் கடமை.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். 1877-ம் ஆண்டு நவம்பர் மாதம் சிங்கப்பூரில் ராயல் ஏஷியாட்டிக் சொசைட்டியின் நீரிணைக் கிளை தோன்றியது. ஆர்ச்டீக்கன் ஹோஸ் என்னும் பாதிரியார் அதன் முதல் அக்கிராசனர். மறு ஆண்டிலேயே அதன் சஞ்சிகை வெளிவந்தது. 1923-ல் மலாயாக் கிளை என்றும், 1964-ல் மலேசியக் கிளை என்றும் பெயர் மாறி, அச்சங்கம் இன்றும் நடைபெறுகிறது. இந்நாட்டின் மரஞ்செடிகள், பறவைகள், சுரங்கங்கள், பழங்கதைகள், கல்வெட்டுகள் ஆகியவற்றைப் பற்றி அது சேர்த்துவைத்த செல்வம் பெரிது. மலாய் மக்களின் அரச வரலாறாகிய ‘செஜாரா மலாயு’வின் பழம் பிரதியொன்றை 1938-ல் வின்ஸ்டெட் என்பார் அச்சஞ்சிகையிலேதான் பதிப்பித்தார். இவ்வுழைப்பைக் குறைத்துப் பேசுவோர் நன்றி கொன்றவராவர்.

ஆனால் அந்தச் சஞ்சிகையின் ஆரம்பத் தொகுதிகளில் தமிழன் எழுதுகிறவனாக வருவதில்லை. வந்தால் எழுதப்படுகிறவனாகவே வருவான். அவன் கூலி, அல்லது வட்டிக்கடைக்காரன், அல்லது ஜனத்தொகைக் கணக்கில் ஓர் எண். அக்காலத்தில் தமிழர் எழுதாமலா இருந்தனர்? 1872-லேயே நாகூர் முகம்மது அப்துல் காதிறுப் புலவரின் ‘முனாஜாத்துத் திரட்டு’ இவ்வூரில் அச்சேறிவிட்டது. 1875-ல் ‘சிங்கை வர்த்தமானி’ தோன்றியது. 1887-ம் ஆண்டு ஜூன் மாதம் சி. கு. மகுதூம் சாயபு ‘சிங்கை நேசன்’ என்னும் வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். அதே ஆண்டில் யாழ்ப்பாணத்து வண்ணைநகர் சதாசிவ பண்டிதரின் ‘சிங்கைநகர் அந்தாதி’ அச்சாயிற்று. அச்சுக்கூடமும் இருந்தது, எழுதுவோரும் இருந்தனர். இல்லாதிருந்தது எழுதியதைப் பேணும் சங்கம் ஒன்றே. ஆசியச் சங்கத்தார் ஏடு கட்டிக் காத்தனர். நம்மவர் படித்தபின் பொட்டலம் கட்டினர். ‘சிங்கை நேசன்’ ஓரளவு தப்பியது. ‘சிங்கை வர்த்தமானி’யையோ இன்று பெயரளவில்தான் அறிகிறோம்.

பேணாதவன் பெயரைப் பிறர் வைப்பர் என்பதற்கு இவ்வூர்த் தெருவொன்றே சாட்சி. சிங்கப்பூர் நதிக்கருகில் இன்று சூலியா தெரு என்று வழங்குவது முன்னாளில் ‘கிளிங்’ தெருவாக இருந்தது. ‘செஜாரா மலாயு’வில் ‘கெலிங்’ என்பது கடலுக்கப்பாலுள்ள பெருநாடு. அந்நாட்டு அரசன் பெரும்படையோடு தெமாசிக் வரை வந்ததாக அக்கதை கூறும். அரச கதையில் மதிப்பாயிருந்த சொல், துறைமுகத்தில் மூட்டை சுமப்பவனின் தலையில் ஏறியபோது வசையாயிற்று. நம்மவர் மனம் நொந்து முறையிட்டதன்மேல், 1921-ம் ஆண்டளவில் தெருவின் பெயர் மாற்றப்பட்டது. பெயர்ப்பலகை மாறியது நல்லதே. ஆனால் அச்சொல் எப்படிப் பிறந்தது, எப்படித் தாழ்ந்தது, அதனால் வருந்தியவர் எவர் என்று நம்மவருள் ஒரு சங்கம் அன்றே தமிழில் எழுதிவைத்திருந்தால், பலகையோடு அறிவும் மாறியிருக்கும்.

இனி, தாயகத்துச் சங்கங்களைக் காண்போம். 1901-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் பாலவனத்தம் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். ‘செந்தமிழ்’ என்னும் சஞ்சிகையை முதலில் ரா. இராகவையங்காரும், பின்னர் மு. இராகவையங்காரும் நடத்தினர். செல்லரித்த ஏடுகள் அச்சேறின. பிரதி பேதங்கள் ஆராயப்பட்டன. மாணவர்க்குப் பரீட்சைகள் வைக்கப்பட்டன. 1911-ல் தஞ்சையை அடுத்த கரந்தையில் ஒரு சங்கம் எழுந்தது. 1921-ல் யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் ‘ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கம்’ எழுந்தது. இப்பெயரைச் சற்று நின்று கவனியுங்கள். அபிவிருத்தி செய்யவேண்டிய பாஷை தமிழாயிருக்க, ‘ஆரிய’ என்பது முன்னே நிற்கிறது. கரந்தையாரோ தனித்தமிழ்ப் பற்றுக்குப் பேர்பெற்றவர்கள். ஒரே மொழியைக் காக்கப் புகுந்தவர்கள் தங்களை இருவேறு வகையாக அறிந்துகொண்டனர். சங்கத்தின் பெயரிலேயே அதன் கொள்கை இருக்கிறதென்பதற்கு வேறு சான்று வேண்டா.

இச்சங்கங்கள் செய்த உபகாரத்தை மறுப்பாரில்லை. தமிழ் வடமொழியின் நிழலில் வளர்ந்ததன்று என்று நாம் இன்று நிமிர்ந்து சொல்லுவதற்குச் சங்க நூல்கள் வெளிவந்ததே காரணம். எனினும், இலக்கியம் என்றால் ஏட்டில் உள்ளது. புலவர் என்றால் இலக்கணம் கற்றவர். சரித்திரம் என்றால் மூவேந்தர் கதை என்னும் அளவுகோலும் அவற்றோடு கப்பலேறி இங்கு வந்தது. அவ்வளவுகோல் என்ன செய்ததென்பதை நம்மூர் நூல்கள் இரண்டைக் கொண்டு காட்டலாம்.

சதாசிவ பண்டிதரின் அந்தாதி இலக்கணம் பிழையாத பாட்டு; பக்தியும் புலமையும் உடையது. சிங்கைநகர் என்று பெயர் பூண்டிருப்பினும், அவ்வகைப் பிரபந்தத்தில் ஊர் என்பது தெய்வம் எழுந்தருளும் இடமாகவே நிற்கும்; ஊரில் உழைப்பவன் அதற்குள் நுழைய இடமில்லை. ஆறு ஆண்டுக்குப் பின் 1893-ல் ந. வ. ரங்கசாமி தாசன் என்பார் ‘அதிவினோத குதிரைப் பந்தய லாவணி’யை வெளியிட்டார். குதிரைப் பந்தயம் பார்க்கப் போவோரின் ஆரவாரமே அதன் பொருள். அக்காலத்துப் பந்தய மைதானம் இன்றைய தேக்கா வட்டாரத்தை ஒட்டி இருந்தது. ரேஸ் கோர்ஸ் ரோடு என்னும் தெருப்பெயர் அதன் நினைவாக இன்னும் நிற்கிறது. அந்தாதி எந்த ஊருக்கும் பெயர் மாற்றிப் பொருத்தத்தக்கது. லாவணியோ இந்த ஊரையன்றி வேறெந்த ஊரையும் பாடவியலாதது. எது உயர்ந்த பாட்டு என்று பண்டிதரைக் கேட்டால் முன்னதையே காட்டுவர். இவ்வூர்த் தமிழன் எப்படி வாழ்ந்தானென்று அறிய விரும்புவோன் பின்னதையே நாடுவான். மதுரைச் சங்கத்து அளவுகோல் பின்னதற்கு இடம் கொடாது. இதுவே என் குறை.

பண்டிதர் அளவுகோலுக்குத் துணையாக வடக்கிலிருந்து மற்றொன்றும் வந்தது. 1926-ல் கல்கத்தாவில் ‘பெரும்பாரதச் சங்கம்’ ஏற்பட்டது. மறு ஆண்டு கவி தாகூர் சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் ஜாவாவுக்கும் யாத்திரை செய்தார். கீழ்க்கடல் நாடுகளெல்லாம் பாரதப் பண்பாட்டின் பிள்ளைகளே என்னும் பேச்சு எங்கும் முழங்கிற்று. 1918-லேயே பிரெஞ்சு அறிஞர் செதே ஸ்ரீவிஜய ராச்சியத்தை விளக்கியிருந்தார். சோழர் மெய்க்கீர்த்தியில் வரும் கடாரம் இன்றைய கெடாவே என்பதும் உறுதிப்பட்டது. குவாரிச் வேல்ஸ் கெடாவில் அகழ்ந்து கண்ட கோயில் அடிப்படைகளைப் பற்றி 1940-ல் ஆசியச் சங்கச் சஞ்சிகை ஒரு முழுத் தொகுதி வெளியிட்டது. அதன் தலைப்பிலேயே ‘பழங்கால இந்தியக் குடியேற்ற ஆட்சி’ என்னும் கருத்து நின்றது.

நம்மவர்க்கு இதைவிட இனிப்பான செய்தி உண்டோ? நேற்றுவரை கூலியென்று ஏசப்பட்டவன், இன்று கடாரங்கொண்டவனின் பேரனாகிவிட்டான்! மேடைதோறும் ராஜேந்திரன் கப்பலேறினான். அவமானப்பட்ட மக்களுக்கு அக்கப்பல் ஆறுதல் தந்தது. அதை நான் பழிக்கவில்லை. ஆனால் இதில் இரண்டு பிசகுகள் உள்ளன. மலாய் நாட்டாரை நம் முன்னோர் ஆண்டனரென்று பெருமை பேசும் வாயால், ஆங்கிலேயன் நம்மை ஆண்டதை எப்படிக் கண்டிப்பது? இது முதற் பிசகு. ஆராய்ச்சியும் அப்பேச்சுக்கு இடந்தரவில்லை. கடல் வாணிகத்தில் இந்நாட்டு அரசரே முன்கை எடுத்தனரென்றும், வேண்டிய கலைகளை அவர்களே வரவழைத்துக் கொண்டனரென்றும் டச்சு அறிஞர் வான் லூர் 1934-லேயே எழுதினார். ஆனைமங்கலச் செப்பேட்டைப் பாருங்கள்: கடாரத்தரசன் நாகப்பட்டினத்தில் பௌத்த விகாரம் எழுப்புகிறான், ராஜராஜ சோழன் அதற்கு ஓர் ஊரையே அளிக்கிறான். 1025-ன் படையெடுப்பை ஆயிரம் முறை பாடிய நாம், அதற்கு இருபது ஆண்டு முந்திய இந்த நட்பை எத்தனை முறை பாடினோம்?

இரண்டாவது பிசகு இன்னும் பெரிது. நம்முள் பெரும்பாலோர் கடாரங்கொண்டவன் கப்பலில் வந்தவரல்லர். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் நீராவிக் கப்பலின் மேல்தட்டில் ஏறி, கங்காணியோடு வந்தவர்கள். அரசனைப் பாட்டனாக்கிக் கொண்டால் உண்மைப் பாட்டனை ஒளிக்கவேண்டி வருகிறது. சுமத்திராவில் பாருஸ் என்னும் இடத்தருகே 1873-ல் கிடைத்த தமிழ்க் கல்வெட்டொன்று இதற்கு நல்ல பாடம். 1088-ம் ஆண்டைச் சேர்ந்தது. 1932-ல் நீலகண்ட சாஸ்திரியார் அதைப்பற்றி எழுதினார். அதை வெட்டுவித்தவர் அரசரல்லர். திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் கூட்டத்தார். கஸ்தூரியின் விலைக்கு ஈடாகப் பொன்னில் செலுத்தவேண்டிய கட்டணத்தைப் பற்றிக் கூறும்போது, அது மரக்கலத் தலைவனோடு ‘கேவிகள்’ என்பாரையும் சேர்த்தே சொல்லுகிறது. கேவிகள் என்பார் துடுப்பு வலித்தோரென்று ஆராய்ச்சியாளர் கருதுவர். ஒன்பது நூற்றாண்டுக்கு முன்பு வணிகர் கல்லில் இடங்கொடுத்த உழைப்பாளிக்கு, நம் சங்கங்கள் காகிதத்திலும் இடங்கொடுக்கவில்லை.

இனி மூன்றாவது சங்கம். 1929-ன் இறுதியில் பெரியார் ஈ. வெ. ராமசாமி மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தார். 1932-ல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது, ஓ. ராமசாமி நாடார் அதன் முதல் தலைவர். 1935-ம் ஆண்டு ஜூலையில் அச்சங்கத்தின் குரலாகத் ‘தமிழ் முரசு’ எழுந்தது. திருவாரூரிலிருந்து 1924-ல் இங்கு வந்து, ஒரு வணிகக் கடையில் கணக்கெழுதிய கோ. சாரங்கபாணி அதை நாளேடாக வளர்த்தார்.

நம்மைப் பற்றிய கேள்விக்கு இச்சங்கம் தந்த விடையே மூன்றிலும் சிறந்ததென்பது என் துணிபு. நீ எந்தச் சாதி, எந்தக் கோயில், எந்த ஊரான் என்று கேளாமல், தமிழ் பேசுவோனெல்லாம் தமிழனென்று அது சொல்லிற்று. பறையரென்றும் பள்ளரென்றும் தனித்து நிறுத்தப்பட்டவர் சரிசமமாக உட்காரும் மேடை ஒன்று முதன்முறையாக ஏற்பட்டது. 1952-ல் சாரங்கபாணி தொடங்கிய தமிழர் திருநாளில் இந்துவும் முஸ்லிமும் கிறிஸ்தவரும் ஒரே பந்தலில் கூடினர். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் பகுதி ஏற்படவிருந்தபோது, அங்கே சமஸ்கிருதத்துக்கு முதலிடம் வேண்டுமென்ற யோசனையை எதிர்த்துத் தமிழை நிலைநிறுத்தியதும் இவ்வியக்கத்தாரின் குரலே. ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் நிதி திரட்டியபோது, கடை முதலாளியோடு தோட்டத் தொழிலாளியும் தன் வெள்ளியைக் கொடுத்தான். சோழன் கொடுத்த பெருமையினும் இவ்வொரு வெள்ளி தரும் பெருமை எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

நிற்க. நம் சங்கமென்பதற்காகக் குற்றத்தை மறைத்தல் சுயமரியாதையாகாது. காவடியையும் தீமிதியையும் உயிர்ப்பலியையும் கள்ளையும் நாம் கண்டித்தோம், கண்டிக்கவேண்டியதுதான். ஆனால் கண்டித்த வேகத்தில், அவற்றோடு ஒட்டியிருந்த பாட்டையும் கூத்தையும் பேச்சையும் சேர்த்தே தள்ளிவிட்டோம். பால்மரத்தடியில் பெண்கள் பாடிய தெம்மாங்கு, லயத்தில் பிணத்தின் தலைமாட்டில் எழுந்த ஒப்பாரி, பெரட்டுக்குப் போகுமுன் குழந்தையை உறங்க வைத்த தாலாட்டு ஆகிய இவை மூடப்பழக்கங்களா? அவை உழைப்பாளி தன் வாயால் எழுதிய சரித்திரம். கங்காணியின் கொடுமையையும் கப்பற் பிரயாணத்தையும் காய்ச்சலையும் அவற்றைவிட நேர்மையாகச் சொல்லும் ஏடு ஏது? பண்டிதர் அவற்றைக் கொச்சையென்று தள்ளினார். சீர்திருத்தக்காரர் அவற்றைப் பழமையென்று தள்ளினார். காரணம் வேறு, நஷ்டம் ஒன்றே. பின்னாளில் மலேசியாவில் முரசு நெடுமாறன் என்னும் ஆசிரியர் தனியொருவராக அலைந்து, 1887 முதலான பாக்களைத் திரட்டி 1997-ல் மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியத்தை வெளியிட்டார். சங்கங்கள் செய்யவேண்டியதைத் தனிமனிதர் தோளில் ஏற்றியிருக்கிறோம்.

என்னைப்பற்றி ஒரு வார்த்தை சொல்ல அனுமதி கோருகிறேன். நான் ஆங்கிலப் பள்ளியில் கற்றவன். ராஜேந்திர சோழன் பெயரையே ஆங்கிலப் புத்தகத்திலேதான் முதலில் படித்தேன். பிழைப்பு தோட்டத்துக் கிராணி வேலை. ஒருநாள் ஆபீஸ் அலமாரியைக் காலிசெய்யும்போது பழைய செக்ரோல் ஏடுகள் சில கைக்கு வந்தன. எண், பெயர், வேலை செய்த நாள், கூலி; அவ்வளவே. தகப்பன் பெயரில்லாத பெயர்கள். ஒரே பக்கத்தில் நான்கு முனியம்மாக்கள். சில பெயர்களுக்கு நேரே மாதத்தின் நடுவில் கோடு இழுக்கப்பட்டிருந்தது. ஓடிப்போனாரா, ஊருக்குப் போனாரா, செத்தாரா என்று எழுதவில்லை. அவ்வேடுகளை எரிக்கச் சொல்லி உத்தரவு. எரித்தவனும் நானே. அன்று எனக்குத் தோன்றாதது பின்னர்த் தோன்றியது: அம்மக்களின் பெயரை ஏட்டில் வைத்திருந்தது துரையின் கணக்கு ஒன்றுதான். அதையும் நான் தீயிலிட்டேன். ஆகவே மேலே சொன்ன குற்றத்தில் எனக்கும் பங்குண்டு.

எழுதாமல் விட்டதன் விலை எவ்வளவென்று அறியச் சயாம் மரண ரயில்பாதையை நினைத்தால் போதும். 1942, 1943-ல் ஜப்பானியர் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழரை அங்கே கொண்டுசென்றனர். காஞ்சனபுரியில் நேசநாட்டுப் போர்க்கைதிகளின் கல்லறைகள் ஏறத்தாழ 7,000 உள்ளன. பெரும்பாலானவற்றில் பெயர் பொறித்திருக்கிறது. அவர்களோடு மாண்ட தமிழ்த் தொழிலாளிக்கு வரிசையுமில்லை, பெயருமில்லை. எண்பதாண்டு கழித்து, 2023-ல், தாய்லாந்துத் தமிழ்ச் சங்கத்தாரின் முயற்சியால் அங்கே அவர்களுக்காக ஒரு நடுகல் எழுந்தது. போரில் விழுந்த வீரனுக்குக் கல் நடுவது பழந்தமிழ் வழக்கம். சங்க நூல்களைப் பண்டிதர் காத்ததனால் நமக்கு அவ்வழக்கம் தெரிந்தது. கூலிக்கும் கல் நடலாமென்பது சீர்திருத்தம் கற்பித்த பாடம். இரண்டும் ஒரு கல்லில் சேர்ந்தன. சங்கம் என்பது என்ன செய்யவேண்டுமென்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

இன்று நமக்குச் சங்கங்களுக்குக் குறைவில்லை. 1976 முதல் சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் கழகம் இருக்கிறது. 2015-ல் கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம் திறக்கப்பட்டது. தமிழ் இந்நாட்டின் அரசாங்க மொழிகளுள் ஒன்று. ஆயினும் 2020-ம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி, இந்நாட்டில் வீட்டில் தமிழையே மிகுதியாகப் பேசுவோர் நூற்றுக்கு 2.5 பேர், 2010-ல் இது 3.3. தேக்கா என்று நாம் அழைத்த வட்டாரத்துக்கு ‘லிட்டில் இந்தியா’ என்று 1980-களில் பெயர் பரப்பியவர் உல்லாசப் பிரயாணத் துறையார். நாம் பெயர் வையாதபோது பிறர் வைப்பர் என்று மேலே சொன்னேன். அது இன்னும் நடக்கிறது.

ஆதலின் சங்கத்து அங்கத்தினர்களுக்கு என் விண்ணப்பம் இது. ஆண்டுவிழாவுக்கு ஒரு மாலையும் ஒரு பட்டிமன்றமும் போதும். மிஞ்சிய பணத்தையும் பொழுதையும் சேர்ப்பதற்குச் செலவிடுங்கள். தோட்டத்தில் பிறந்த பாட்டிமார் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் பாட்டைப் பதிவு செய்யுங்கள். பழைய கடிதம், நாட்டுக்குப் பணம் அனுப்பிய ரசீது, பள்ளிக்கூட நோட்டு, கல்யாணப் பத்திரிகை ஆகியவற்றை வாங்கிப் பேணுங்கள். ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் ரோட்டில் நிற்கும் கட்டட வேலைத் தோழனும் தமிழ்நாட்டிலிருந்து வந்த தமிழனே. 2014 முதல் இவ்வூரில் வெளிநாட்டுத் தொழிலாளருக்குக் கவிதைப் போட்டி நடந்திருக்கிறது. அதை முன்னின்று நடத்தியவர் நம் இலக்கிய சங்கத்தாரல்லர். அவன் எழுதுவதை இன்றே கேட்டு வாங்கி ஏட்டில் வைப்பீராக. இன்னும் ஐம்பது ஆண்டு கழித்து அவன் பேரன் வந்து கேட்கும்போது, மற்றொரு கிராணி எல்லாவற்றையும் எரித்துவிட்டதாகச் சொல்லும் நிலைமை வரலாகாது.